சென்னை எந்தப் பக்கம் வளரட்டும்? தரைச் சூட்டை வைத்து ஒரு கணக்கு

சென்னைப் பெருநகரப் பகுதி பல ஆண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கு முன்பே, 2011-இல், மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆகப் பெருத்திருந்தது. இப்போது மூன்றாவது முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் நீண்டகாலத் திட்டம், தயாராகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் வரப்போகும் வீடுகளை எங்கே வைப்பது என்பதுதான் அதன் மையக் கேள்வி.

இந்தக் கேள்வியை மனை விலை, தண்ணீர், போக்குவரத்து என்ற மூன்றை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். நான்காவதாகச் சூட்டையும் வைத்துப் பார்க்கலாம். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அப்படியானால் ஊரை எப்படிக் கட்டுவது என்பதும் பேரிடர்த் தடுப்பில் சேர்ந்த விஷயம்தான்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இப்போது போவதுபோலவே ஓரமாகப் பரவிக்கொண்டே போவது. இருக்கிற ஊருக்குள்ளேயே உயரமாகக் கட்டுவது. தள்ளித் தள்ளித் துணைநகரங்களை அமைத்து, நடுவில் வயலையும் ஏரியையும் விட்டுவைப்பது. வளர்ச்சியை அதன் போக்கில் விட்டுவிட்டு கூரை, மரம், தரை ஆகியவற்றைத் திருத்துவது.

முதலில் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

நகரச் சூடு பற்றிய கட்டுரைகளில் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம் வரும். பெரும்பாலும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்தது. அது 16 நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணியை ஒட்டி நம் தலைக்கு மேல் போகிறது. அது அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல. மொட்டைமாடி, தார்ச்சாலை, மரத்தின் உச்சி, வெறும் மண் என மேலிருந்து தெரியும் பரப்பின் சூட்டை அளக்கிறது. வானிலை மையம் சொல்லும் 40 டிகிரி நிழலில், ஆள் உயரத்தை ஒட்டிய காற்றின் அளவு. அதே நேரத்தில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொட்டிருக்கலாம். இரண்டும் தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல.

இதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மே மாதத்துப் பகல் படத்தை எடுத்துப் பாருங்கள். திருவள்ளூர், உத்திரமேரூர் பக்கத்து அறுவடை முடிந்த வயல்கள் செக்கச்சிவப்பாகத் தெரியும். அண்ணா நகரும் அடையாறும் அதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். காய்ந்த மண்ணில் ஆவியாக ஈரம் இல்லை. வெயில் முழுவதும் மேற்பரப்பைச் சுடுகிறது. நகரத்திலோ மரநிழலும், கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று போடும் நிழலும், கழிவுநீர் கசிந்த ஈரமும் இருக்கின்றன. இந்தியாவில் பல நகரங்களில், கோடைப் பகலில், நகரம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தெரிவது உண்டு. இந்த ஒரு படத்தைக் காட்டி, 'வெளியே நிலம் ஏற்கெனவே சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது, வீடு கட்டினால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்பவர்களும் உண்டு.

கெடும். அதே இடத்தின் ஜனவரிப் படத்தையும் இரவுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஜனவரியில் அந்த வயலில் நெல் நிற்கிறது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, படம் நீலம். மே மாதமே ஆனாலும் காய்ந்த மண் மாலையானதும் வேகமாகச் சூட்டை இறக்கிவிடுகிறது. கான்கிரீட்டும் தாரும் பகலில் உள்ளே வாங்கிவைத்ததை நள்ளிரவு தாண்டியும் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. மோடிஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் இரவிலும் அளக்கின்றன. அந்தப் படங்களில் நகரம்தான் சூடான திட்டு, சுற்றுப்புறம் குளிர்.

சென்னைக்காரர்களுக்கு இரவுதான் முக்கியம் என்பது என் கருத்து. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட பகல்கள் அரிது, கடல்காற்று நண்பகலையொட்டி உள்ளே வந்து கொஞ்சம் காப்பாற்றிவிடும். அது தாமதமாகும் நாட்களில்தான் மீனம்பாக்கம் கொதிக்கிறது. உடம்பை உண்மையில் ஒடுக்குவது 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்காத, வியர்வை காயாத இரவுகள். ஆகவே ஒவ்வொரு வழியிலும் நான் பார்க்கப்போவது இரண்டு: ஒரு குடும்பத்துக்காக எவ்வளவு மண் மூடப்படுகிறது, ராத்திரியில் எவ்வளவு சூடு தங்குகிறது.

ஓரமாகப் பரவுவது

மண்ணை மூடும் கணக்கில் இது படுமோசம். பத்தாயிரம் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. மனைகள் மட்டும் 275 ஏக்கர். லேஅவுட்டில் சாலைக்கும் பொது இடத்துக்கும் போக மனையாக மிஞ்சுவது அறுபது சதவீதம் என்று வைத்தால், மொத்தம் 460 ஏக்கர். அதே பத்தாயிரம் குடும்பங்கள் ஆளுக்கு ஆயிரம் சதுர அடி அடுக்குமாடி வீட்டில், எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) 2 என்ற சாதாரண அளவில் இருந்தால் 115 ஏக்கர் போதும். உயர்மாடிக் கட்டடங்களுக்கு 2019 விதிகள் தரும் 3.25 என்றால் 71 ஏக்கர்.

இதுகூடக் குறைத்துச் சொன்ன கணக்கு. ஏனென்றால் லேஅவுட் போட்டதும் யாரும் குடிவருவதில்லை. ஒரகடம், மணிமங்கலம், ஊரப்பாக்கத்துக்கு மேற்கே என்று போய்ப் பார்த்தால் கிராவல் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, பல வருடமாக ஆள் வராத மனைகள் கிடக்கின்றன. வாங்கியவர்கள் முதலீடாக வாங்கியவர்கள். வீடு வருவதற்கு முன்பே அந்த நிலத்தின் வெப்பம் மாறிவிட்டது. பயிர் போய்விட்டது, ஈரம் போய்விட்டது, செம்மண் கிராவலும் சாலையும் மட்டும் இருக்கின்றன. சீமைக்கருவேலம் முளைத்த மனைகளில் கொஞ்சம் பச்சை தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னும் பெரிய இழப்பு ஏரியில் நடக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் ஏரிகளால் ஆனவை. ஏரியைக் காப்பாற்றியது அழகுணர்ச்சி அல்ல, ஆயக்கட்டு, அதாவது ஏரியின் பாசனத்தை நம்பியிருந்த நிலம். கீழே நூறு ஏக்கர் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்பவர்கள் மதகைப் பார்த்துக்கொண்டார்கள், வரத்துக்கால்வாயைத் தூர்வாரினார்கள். அந்த நூறு ஏக்கரும் மனையானதும் தண்ணீர் கேட்க ஆள் இல்லை. மாறாக, ஏரி நிரம்பினால் தங்கள் தெருவுக்குள் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் அந்தப் பயத்தைத் தவறென்று சொல்ல முடியாது. ஆக ஏரிக்குச் சொந்தம் கொண்டாடியவர் போய், ஏரி குறைவாக நிரம்பினால் தேவலை என்பவர் வந்துவிடுகிறார். ஏரிக்குள் ஒரு செங்கல்கூட வைக்காமலே ஏரி செத்துப்போகும் வழி இது.

ஈரம் போவதால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 0.68 யூனிட் (மின்சார பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட்-மணி) வெப்பம் தேவை. ஒரு ஹெக்டேர் ஈரநிலத்திலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் அது 50,000 லிட்டர், 34,000 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 270-ஐ இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டால் எடுக்கும் வெப்பம் இது. ஏ.சி. அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டும். நீராவி தூக்கிக்கொண்டு மேலே போகும். பள்ளிக்கரணைச் சதுப்பு அறுபது ஆண்டுகளுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லைக்குள் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். மிச்சம் என்ன ஆனது என்பதை வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒருமுறை பஸ்ஸில் போனால் பார்க்கலாம்.

பரவுதலுக்கு ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வீடுகள் நெருக்கமில்லாமல், வானம் திறந்து இருப்பதால் இரவில் சூடு சுலபமாக வெளியேறும். ஊரப்பாக்கத்துத் தனிவீட்டு மாடியில் இரவு பத்து மணிக்கு இருக்கும் காற்று தி. நகரில் இருக்காது. ஆனால் அது நிரந்தரம் இல்லை. தி. நகரும் ஒரு காலத்தில் ஊரின் ஓரம்தான். 1920-களில் மாம்பலம் நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் அது எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரி பெயரைத் தாங்கிய சாலை இருக்கிறது, ஏரி இல்லை. இன்றைய காற்றோட்டமான புறநகர் முப்பது வருடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உள்ளேயே உயர்வது

கணக்குப்படி இதுதான் ஜெயிக்கிறது. அப்புறம் ஏன் தயக்கம் என்றால், இரவு.

நெருக்கமான தெருவில் தரையிலிருந்து பார்த்தால் வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். சுவரும் சாலையும் விடும் வெப்பம் வானத்துக்குப் போகாமல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது. பகலில் இதே தெரு நல்ல நிழல் தரும். சௌகார்பேட்டை சந்துகளில் காலை பத்து மணிக்கு வெயில் தரையைத் தொடாது, செயற்கைக்கோளுக்கும் அது குளிர்ச்சியாகத் தெரியக்கூடும். ராத்திரிதான் வண்டவாளம் தெரியும். இதோடு ஏ.சி.யும் சேர்கிறது. ஒன்றரை டன் கருவி ஒன்று அறையிலிருந்து எடுக்கும் ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தோடு, தான் தின்ற ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தையும் சேர்த்துச் சந்துக்குள் ஊதுகிறது. நூறு குடும்பம் இருக்கும் கட்டடத்தில் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, நம் ஊரில் உயர்த்திக் கட்டும் விதம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் பழைய வீட்டை இடித்து, கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள ஸ்டில்ட் தளம் வைத்து ஐந்து மாடி எழுப்பும்போது முதலில் போவது பின்கட்டில் இருந்த மாமரமும் தென்னையும் கிணற்றடியும். நான்கு பக்கமும் விதிப்படி இடம் விடுகிறார்கள். ஆனால் விட்ட இடம் முழுக்க கார் நிறுத்த சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். வெளியே வயலைக் காப்பாற்றுவதற்காக உள்ளே தோட்டத்தை இழக்கிறோம் என்றால் லாபம் பாதியாகிவிடும். சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பதைவிட, அந்த விட்ட இடம் மண்ணா சிமெண்டா என்பதுதான் இங்கே முடிவு செய்கிறது. விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: விடும் இடத்தில் பாதி திறந்த மண்ணாக இருக்கட்டும்.

எங்கே உயர்வது என்பதும் முக்கியம். ஏற்கெனவே மூடிக்கிடக்கும் நிலத்தில் உயர்ந்தால் புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்தது இந்த வகை. பழைய ஆலை, கிடங்கு, லாரி நிறுத்துமிடம், மாடியே இல்லாத வணிகக் கட்டடங்கள் என அம்பத்தூர், பாடி, மணலி பக்கம் இப்படிப்பட்ட நிலம் நிறையவே இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம் 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இத்தகைய இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

உயரம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கமே உதாரணம். பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்டவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தது பிழைப்பு இருந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், சதுப்பை ஒட்டி. நெருக்கத்தின் இரவுச் சூடும் உண்டு, பரவுதலின் ஈரநில இழப்பும் உண்டு, இரண்டின் நன்மையும் இல்லை. கடலோரத்தில் வரிசையாக நீளவாட்டில் கட்டடங்களை நிறுத்துவதும் அப்படித்தான். கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் சுவரை வைத்துக்கொண்டு மேற்கே இருப்பவரைப் பார்த்து ஏ.சி. வாங்கு என்கிறோம்.

துணைநகரங்கள்

காகிதத்தில் இதுவே மிக அழகானது. நெருக்கமான சிறு ஊர்கள், நடுவில் வயல், ஏரி, காடு. இரவில் ஒவ்வொரு ஊரும் தன்னைச் சுற்றியுள்ள குளிர்ந்த நிலத்திலிருந்து காற்றைப் பெறும். மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குப் புதுநகர வளர்ச்சித் திட்டங்கள் பேசப்பட்டு வருகின்றன.

ஆனால் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். மறைமலை நகரை 1980-இல் துணைநகரமாகத்தான் தொடங்கினார்கள். இன்று தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் போங்கள், எங்கே ஊர் முடிந்தது, எங்கே இடைவெளி தொடங்கியது என்று யாராவது காட்ட முடியுமா? துணைநகரம் நிற்கவில்லை என்பதல்ல பிரச்சினை. நடுவில் விட்டதாகச் சொன்ன நிலத்துக்குக் காவல் இல்லை. விவசாய நிலம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டினாலும், நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தாயிற்று, அதற்கும் வெளியே சுமார் 133 கிலோமீட்டருக்கு எல்லைச் சாலை வருகிறது. சாலை வந்தால் இருபுறமும் மனை வரும். இடைவெளியைப் பூட்டாமல் துணைநகரம் கட்டினால் அது முதல் வழிக்கே ஒரு சுற்றுவழி, அதுவும் அரசு செலவில்.

இருப்பதைத் திருத்துவது

நான்காவது வழியை வழி என்றே சொல்லக் கூடாது. மற்ற மூன்றில் எதைத் தேர்ந்தாலும் இது வேண்டும், ஏனென்றால் பரவ வேண்டியது ஏற்கெனவே பரவிவிட்டது. ஆனால் எதை எங்கே செய்வது என்பதில் தவறு நடக்கிறது.

வெள்ளைக் கூரை தாழ்ந்த வீடுகளுக்கு ஏற்றது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். பாசி படிந்த சிமெண்ட் தளம் அதில் எண்பது சதவீதத்தை விழுங்கும். நல்ல வெள்ளைப் பூச்சு முப்பதைத்தான் விழுங்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் இந்த வித்தியாசம் உச்சி நேரத்தில் 45 கிலோவாட்டுக்கு மேல். தாம்பரம் பக்கத்துத் தனிவீட்டுக்கு இது பெரிய விஷயம், பதினான்கு மாடிக் கட்டடத்தில் மேல்மாடிக்காரர் ஒருவருக்கு மட்டும் லாபம். மழையிலும் புழுதியிலும் வெள்ளை மங்கும், இரண்டு மூன்று வருடத்தில் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் தட்டோடு பதித்துச் சுண்ணாம்பு அடித்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இங்கே முதலில் சேர வேண்டியது வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்களுக்கு. அந்தத் தெருக்களில் உயரத்தைக் கூட்டும் பேச்சே இப்போது வேண்டாம்.

மரம் தெருவுக்கு ஏற்றது. பத்து வருடம் காத்திருக்க வேண்டும், மின்கம்பிக்குக் கீழே வைத்தால் வருடா வருடம் வெட்டுவார்கள். 2016 வர்தா புயலில் சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் பெருங்கொன்றையும் எத்தனை என்று பார்த்தவர்கள் இனி புங்கையும் பூவரசும் நாவலும் வைப்பார்கள்.

என் தேர்வு

இரண்டாவது வழிதான். ஏற்கெனவே மூடிய நிலத்தில், ரயில் நிலையங்களை ஒட்டி உயர்வது. ராத்திரிச் சூடு என்ற அதன் குறையை விட்ட இடத்தில் திறந்த மண், தெருமரம், காற்றோட்டத்துக்கு இடைவெளி என்ற நிபந்தனைகளால் பெருமளவு குறைக்க முடியும். முதல் வழியின் குறையை அப்படிக் குறைக்க முடியாது. மூடிய ஏரி திரும்ப வராது. நிபந்தனைகளை எழுதிவைத்துவிட்டு அமல்படுத்தப் போவதில்லை என்றால் என் தேர்வு வலுவிழக்கும் என்பதும் தெரிந்தே சொல்கிறேன். அந்த நிலையில், வெளியே போய்த் தனிவீடு கட்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழிக்கு வாய்ப்புத் தரலாம், ஆனால் வரிசை மாற வேண்டும். முதலில் இடைவெளியைப் பூட்டுவது, பிறகு ஊரைத் தொடங்குவது. பூட்ட வேண்டியது எது என்று கண்டுபிடிக்கப் புதிய ஆய்வுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் வருவாய்த்துறை வைத்திருக்கும் நிலக்கணக்கான 'அ' பதிவேட்டிலும் ஏரி, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், நஞ்சை என்று சர்வே எண்வாரியாக எழுதியே இருக்கிறது. 5,904 சதுர கிலோமீட்டருக்கும் அந்தப் பதிவேட்டை ஒரே வரைபடத்தில் ஏற்றி, எஃப்.எஸ்.ஐ. வரைபடத்துக்கு முன்பாக வெளியிட்டால், எந்த மனை எந்த ஆயக்கட்டில் விழுகிறது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எவரும் பார்த்துக்கொள்ளலாம்.